சக்கர வீட்டுக்குக் கொக்கி வாங்கிய சரித்திரம்

சர்க்கார் அதிகாரி ஒரு பேட்டையைப் பார்வையிடப் போனால் அங்கே இரவு தங்க வேண்டும் என்பது விதி. தங்காமல் பார்த்தால் அது பார்வையிட்டதாகாது, வேடிக்கை பார்த்ததாகும். இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் ரங்கூன் நீர் வசதி ஆராய்ச்சி உப இலாகாவின் தலைவர் வில்பர்ன் துரை, தாமுவே என்ற பேட்டையில் முகாம் போடத் தீர்மானித்தார். அவருடைய ஆபீஸிலிருந்து தாமுவேக்கு ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் காரில் போய்விடலாம்.

தாமுவேயில் நம்மவர்கள் குடியிருந்த கூலி லைன் ஒன்று இருந்தது. ஆண்கள் போட்டாதாங் கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் தூரத்துக் குளத்திலிருந்து தண்ணீர் தூக்கினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பேதி கண்டது. காளியம்மாவின் கடைசி மகன் ஒருமுறை படுத்து எழுந்துவிட்டான். மறுபடி படுத்தால் எழுவானா என்ற பயத்தில், லைனுக்கு ஒரு குழாய் கேட்டு அவள் நடையாய் நடந்தாள். துரை வந்து பார்த்து எழுதினால் போதும், குழாய் வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துச் சீமையிலிருந்து துரைக்குச் சக்கர வீடு வந்து இறங்கியது. அப்போது துரைமார் நடுவே அதுதான் மோஸ்தர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில் உண்டு, டீ போட அடுப்பு உண்டு, வெளியே பின்புறத்தில் இரண்டு சைக்கிள்கள் தொங்கும். எல்லாம் வந்தது. காரோடு மாட்டும் கொக்கி மட்டும் வரவில்லை.

காளியம்மா ஆபீஸுக்கு வந்தாள். ஹெட் கிளார்க் செல்லக்கண்ணு பிள்ளை, நாற்காலி கொள்ளாத சரீரத்தோடு அவளை வரவேற்றார்.

"துரை எப்பங்க வருவாரு?"

"கொக்கி முடிவானதும் வருவார்."

"கார்லயே வரலாமே சாமி."

"வந்தா ராத்திரி எங்கே தங்குவார்?"

"அந்தச் சைக்கிள்ல வந்தாக்கூடப் போதுமுங்க."

"அட, சைக்கிள் எதுக்கு? முகாம் போட்டப்புறம் சுத்திப் பாக்கறதுக்கு. முகாமுக்கே அதுல போயிட்டா, அப்புறம் எதுல சுத்திப் பாக்கறது?"

காளியம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்லாதவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வது ஆபீஸ் வழக்கம்.

கொக்கிக்காக ஒரு கமிட்டி கூடியது. முதலில் சாதாரணக் கொக்கியும் வளையமும் வந்தன. மாட்டு வண்டி வாடை அடிப்பதாகச் சொல்லித் துரை தள்ளிவிட்டார். அடுத்து வந்த இரும்பு முளை நேராகப் போகும், திரும்பாது. இலாகாவின் குணத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஆனால் ரங்கூன் வீதிகள் திரும்புகின்றன என்று டிரைவர் பீர் முகைதீன் ஞாபகப்படுத்தியதால் கைவிடப்பட்டது. மூன்றாவது, காரில் ஒரு பித்தளை உருண்டை, அதன்மேல் கவிழும்படி வீட்டில் ஒரு கிண்ணம். எல்லோருக்கும் பிடித்தது. மேலதிகாரியின் காரில் பித்தளை ஏதும் இல்லாதபோது கீழதிகாரியின் காரில் எப்படி இருக்கலாம் என்ற சிக்கல் எழுந்தது. கறுப்பு வர்ணம் பூசி, இரும்பாகக் கருதும்படி உத்தரவாயிற்று. இதற்குள் லைனில் இரண்டு பிள்ளைகள் படுத்துவிட்டன.

ஒத்திகை பார்த்தபோது கிண்ணம் உருண்டையில் நிற்காமல் எகிறியது. சைக்கிள்களால் பின்பாரம், ஆகையால் மூக்கு தூக்கிக்கொள்கிறது. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

"சைக்கிளை எறக்கிட்டா சரியாப் போவும்," என்றார் பீர் முகைதீன்.

"கேட்லாக் படத்துல சைக்கிள் தொங்குதே, பாய்," என்றார் பிள்ளை.

படத்தில் இருப்பதை மீறச் சர்க்காருக்கு அதிகாரம் இல்லை. பின்பாரத்துக்கு மாற்று முன்பாரம். கல்லை வைக்கலாம், ஆனால் கல்லுக்குப் பயணப்படி கொடுக்க விதியில்லை. ஆகவே சரீரத் தகுதியை முன்னிட்டு ஹெட் கிளார்க் பிள்ளையையே தற்காலிக முன்பாரமாக நியமித்தார்கள். அது உயர்வா தாழ்வா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வீட்டின் முன்கட்டையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

பயணம் அமோகமாக நடந்தது. லைனை நெருங்கும்போது மாரியம்மன் கோயில் கண்ணில் பட்டது. பிள்ளை பக்திமான். கன்னத்தில் போட்டுக்கொள்ள, ஓடும் வண்டியிலிருந்தே இறங்கிவிட்டார். முன்பாரம் போய்விட்டது. கிண்ணம் எகிறி விழுந்து உடைந்தது. கார் மட்டும் லைனுக்குப் போய்ச் சேர்ந்தது, வீடும் உள்ளே இருந்த துரையும் நடுரோட்டில் நின்றார்கள்.

மாலையும் மேளமுமாகக் காத்திருந்த ஜனங்கள் ஓடி வந்தார்கள். புதுக் கிண்ணம் வரும்வரை ஆபீஸுக்குத் திரும்புவதாகத் துரை சொன்னார்.

"இப்பப் போனாருன்னா இனி வரமாட்டாரு. கோயில் தேர் வடத்தை எடுத்தாங்கடா," என்றாள் காளியம்மா.

அப்புறம் கேட்கவேண்டுமா? ஜெட்டிக் கூலிகள் வடத்தைப் பிடித்தார்கள். தேர் இழுத்துப் பழகிய கைகள். மேளம் முழங்கியது, முக்குக்கு முக்குத் தேங்காய் உடைந்தது, ஜன்னல் வழியே துரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். முன்வரிசையில் இழுத்த செல்லையா என்ற வாலிபன், இது என்ன பாரம் என்று பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்தான். துரை மகிழ்ந்து கைகாட்டினார். அங்கேயே தங்கினார், காலையில் சைக்கிளில் சுற்றினார், குளத்தையும் பார்த்தார். காளியம்மா அன்று வாய் நிறையச் சிரித்தாள்.

சில வாரங்களில் பிள்ளை, துரையின் தீர்ப்போடு லைனுக்கு வந்தார். எல்லோரும் கூடினார்கள்.

"துரை என்ன சொல்றார்னா, இவ்வளவு பெரிய வீட்டை மூச்சு வாங்காம இழுத்த ஜனங்களுக்கு ஒரு குடம் தண்ணி பாரமே இல்லை. அதனால குழாய் அவசியமில்லை. கொக்கியும் இனி அவசியமில்லை. முகாம் போறப்பல்லாம் நீங்களே வந்து இழுக்கணும்."

செல்லையா மெல்லக் கேட்டான்.

"மூச்சு வாங்காமன்னு துரையே சொன்னாருங்களா?"

"அவர் வாயாலேயே சொன்னார்."

செல்லையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். காளியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் புறப்பட்டாள். அவள் திரும்பி வந்தபோதும், அடுத்த முறை வடத்தின் முன்வரிசை யாருக்கு என்று அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது.