ஒன்பது நாற்பது சூரியன்

இந்த அறுவடைத் திருநாளன்று காலை எட்டு மணிவரை தூங்கியே தீருவது என்று சபதம் செய்தேன். வாரத்தில் ஆறு நாள் அலுவலகம் என்னைப் பிழியும். ஏழாவது நாள் மனைவி உதறிக் காயப்போடுவாள். பண்டிகை விடுமுறை ஒன்றுதான் மிச்சம்.

அதிலும் ஒரு சிக்கல். விடியும்போது சூரியனுக்கு எதிரே அடுப்பு மூட்டி, புது அரிசியைப் பொங்க வைக்க வேண்டும். அதற்கு நாலரைக்கே எழ வேண்டும்.

எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான். படிப்பு சோறு போடுகிறது. கொஞ்சம் தூக்கமும் தரட்டுமே! போன ஞாயிறு பென்சிலும் கடிகாரமுமாகப் பால்கனியில் நின்றேன். எதிர்க் கட்டடத்தைத் தாண்டி முதல் வெயில் எங்கள் சுவரில் விழுந்தபோது மணி ஒன்பது நாற்பது.

"பாரும்மா, நம்ம வீட்டுக்குச் சூரியன் வர்றதே ஒன்பது நாற்பதுக்குத்தான். அதுக்கு முன்னாடி பொங்க வச்சா யாருக்குப் படைக்கிறது? எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிக்கா?"

"அட, நியாயம்தாங்க," என்றாள் மனைவி.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் சொன்னதை அவள் நியாயம் என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே பயந்திருக்க வேண்டும்.

திருநாளன்று இருட்டோடு போர்வை பறிபோனது.

"எழுந்திருங்க. செங்கல்லை எடுங்க."

"ஒன்பது நாற்பதுக்குத்தானே..."

"அது அவர் நம்ம வீட்டுக்கு வர்ற நேரம். பெரியவங்களை நாமதானே தேடிப் போய்ப் பார்க்கணும்? மொட்டை மாடிக்கு ஆறு நாற்பதுக்கே வந்துடறார். நேத்தே பார்த்துட்டேன். உங்க கடிகாரத்துலதான்."

லிப்ட் இல்லாத கட்டடம். எங்களுக்கு மேலே நாலு மாடி. முதலில் அடுப்புக்கு மூன்று செங்கல். பிறகு விறகு. பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரோடு சண்டை போட்ட கரும்பு. கடைசியில் மஞ்சள் கொத்து கட்டிய பானை. என் மனைவி தீப்பெட்டியைச் சுமந்து வந்தாள்.

பானை பொங்கியது. எனக்கும்தான் உள்ளே பொங்கியது, வெளியே வழியவில்லை.

கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னமா விழுது வெயில்! எங்க பால்கனி ஒரே இருட்டு. அடுத்த வருஷம் நாங்களும் இங்கேயே பொங்க வச்சுடறோம். தம்பி கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா..."

"அதுக்கென்னக்கா, பண்ணிட்டாப் போச்சு," என்றேன். அடுத்த வருடம்தானே! மணி ஏழு. இப்போது படுத்தாலும் ஒரு மணி நேரம் கிடைக்கும். படியிறங்கத் திரும்பினேன்.

"அடுத்த வருஷம் எதுக்குக்கா?" என்றாள் என் மனைவி. "இவர் கீழேதான் போறார். வரும்போது உங்க பானையையும் தூக்கிட்டு வந்துடுவார்."