சி.ஐ.டி.யின் அடையாளங்கள் பற்றி ஒரு திருத்தம்

தாராவி, பம்பாய்
ஜனவரி 1947

மதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தாராவி கோமதிநாயகம் மகள் பூமாரி, பி.ஏ., வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அம்மன் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். போன வாரம் இதை இவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்க மாட்டேன். மாதுங்காவில் தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் க்ஷேமமாக இருக்க வேண்டுகிறேன். பி.ஏ. என்று போட்டது பெருமைக்கு அல்ல. போடாவிட்டால் அப்பா வருத்தப்படுவார்.

தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சிறு திருத்தம் கேட்கவே எழுதுகிறேன். சி.ஐ.டி. விவகாரத்தில் இந்த ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் மோதிக்கொண்டதைத் தாங்கள் அறிவீர்கள். தொழிற்சங்கத்துக்குள் வேவு பார்க்க சர்க்கார் வைத்திருந்த ஆளின் பெயரை, பெரிய பதவியிலிருப்பவர் ஒருவர் ஏதோ விருந்தில் சொல்லிவிட, மறுநாள் அது அச்சில் வந்துவிட்டது. பெயரைச் சொன்னது துரோகம் என்றது ஒரு பத்திரிகை. இத்தனை நாள் சொல்லாததுதான் துரோகம் என்றது இன்னொன்று. மூன்றாவது, விருந்து யார் செலவில் நடந்தது என்று கேட்டது. அந்த ஆள் வேவு பார்த்து என்ன கண்டுபிடித்தார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தமிழர்கள் பங்குக்குத் தாங்களும் ஒரு தலையங்கம் எழுதினீர்கள். அகப்படாதவர்கள் நம் நடுவிலேயே இருக்கலாம் என்று எச்சரித்து, அடையாளங்களும் கொடுத்தீர்கள். அதிகம் பேசமாட்டார். கூட்டத்தில் ஓரமாக இருப்பார். எல்லாவற்றையும் கவனிப்பார். இங்கிலீஷ் தெரிந்தவர். என்ன வேலை பார்க்கிறார் என்பது அக்கம்பக்கத்தாருக்குச் சரியாகத் தெரியாது.

எங்கள் சாலுக்கு, அதாவது இந்த வரிசை வீடுகள் அத்தனைக்கும் சேர்த்து, தங்கள் பத்திரிகை ஒரு பிரதிதான் வருகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் ஹிந்தியில் சண்டை போடும். தமிழ் எழுத்தைக் கண்டால் திக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழாயடியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது நான்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, வாசிக்க வரும். அச்சில் இருப்பது என் அபிப்பிராயம் இல்லையே. ஆகவே என் அடையாளங்களை நானே உரத்த குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பேராச்சி அத்தை அந்த இடத்தை இன்னொருக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது, இங்கிலீஷ் என்ற இடத்தில்தான் எனக்கே என்மேல் சந்தேகம் தட்டியது.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல, நான் குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றுபோகும், தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும், அத்தையின் புருஷர் சொரிமுத்து மாமா என்னைக் கண்டதும் சர்க்காரைப் புகழ ஆரம்பித்துவிடுவார், எந்த சர்க்காருக்கு நான் ஆள் என்று தெரியாததால் டில்லியையும் புகழ்வார், லண்டனையும் புகழ்வார், அப்பா வீடு வீடாகப் போய் என் வேலையை விளக்கப் பார்த்தார், மகள் ஃபோர்ட்டில் கப்பல் கம்பெனியில் காயிதம் அடுக்குகிறாள் என்று, யாருடைய காயிதம் என்று கேட்டார்கள், கம்பெனிக்கு வருகிற காயிதம் என்றார், அதை எதுக்கு அடுக்கணும் என்று கேட்டார்கள், அப்பா வீட்டுக்கு வந்து அதையே என்னிடம் கேட்டார். கடைசியில் சால் தலைவர் வானமாமலைப் பெரியப்பா வந்து, இந்த வருசம் உங்க வீட்டு அடுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தைப் பொங்கலன்று அம்மன் கோயில் முன்னால் வரிசையாகக் கல் அடுக்கி வீட்டுக்கு ஒரு பானை ஏற்றுவது எங்கள் வழக்கம். வரிசையில் அடுப்பு இல்லையென்றால் நல்லது கெட்டதுக்கு யாரும் வீட்டுப்படி ஏறமாட்டார்கள். அம்மா அழவில்லை. புதுப் பானையை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பி.ஏ. வரைக்கும் படிச்சியே, நாலு பேர்ட்ட வாய் தொறந்து பேசப் படிக்கலியே ஏட்டி" என்றாள்.

அதனால்தான் போகிக்கு முந்தின நாள் நடந்த சால் கூட்டத்துக்கு நானே போனேன். பெண்பிள்ளைகள் போகிற இடம் அல்ல. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகத்தான், நின்றேன். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி, நீ எங்களப் பத்தி என்னதான் கவனிச்சு வச்சிருக்க? சொல்லு பாப்போம்."

நான் ஒன்றுமில்லை என்று சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் கேட்ட கேள்விக்கு முழு விடை எழுதியே பழகிவிட்டேன், சார். பெரியப்பா விரதமிருக்கும் மாதத்தில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஈரானி ஹோட்டலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொத்துக்கறி அடைத்த கீமா சமோசா சாப்பிடுவதைச் சொன்னேன். தொலைந்துபோன பக்கத்துச் சால் சேவல் யார் வீட்டுக் குழம்பில் கிடந்தது என்று சொன்னேன். அப்புறம், வேலைநிறுத்தத்தின்போது சங்கத்துக் காரியதரிசியைத் தேடித் தாராவியையே போலீஸ் புரட்டியபோது, அவர் சொரிமுத்து மாமாவின் தோல் குடோனில் கட்டுகளுக்குப் பின்னால் இருந்ததையும், பேராச்சி அத்தை சாணிக் கூடைக்குள் வைத்து அவருக்குக் கஞ்சி கொண்டுபோனதையும் சொன்னேன்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சொரிமுத்து மாமாதான் எழுந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சும் நம்மள்ல ஒருத்தன் செயிலுக்குப் போகலியே வே. இவ போலீசா இருந்தா நாம இந்நேரம் எரவாடாவுலல்லா பொங்கல் வச்சுக்கிட்டு இருப்போம்."

கூட்டம் அதை யோசித்துப் பார்த்தது. பேராச்சி அத்தை வாசலிலிருந்து வந்து என் கன்னத்தைத் தடவினாள். பெரியப்பா, சமோசாவுக்குள் இருந்தது பட்டாணிதான் என்று முதலில் தெளிவுபடுத்திவிட்டு, கோமதிநாயகம் வீட்டு அடுப்புக்கு வழக்கமான இடமே என்று தீர்ப்புச் சொன்னார். தை முதல் தேதி எங்கள் பானைதான் முதலில் பொங்கியது. அம்மா போட்ட குலவையில் ரயில்பாதைப் பக்கம் மேய்ந்த ஆடுகள் ஓடிவிட்டன. அன்று ராத்திரி வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். பேசாதவர்கள் எல்லோரும் உளவாளிகள் அல்லர், சிலருக்குக் கூச்சம். ஓரமாக நிற்பவர்கள் எல்லோரும் ரிப்போர்ட் எழுதுவதில்லை. இதை அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டால் போதும். நானே அதை வாசித்துக் காட்டுவேன். தங்கள் பத்திரிகை செழிக்கவும், தங்கள் வீட்டில் பால் பொங்கவும், கம்பாசிட்டர் முதல் எல்லோரும் நலமாக இருக்கவும் எங்கள் அம்மனை வேண்டும்,

தங்கள் பணிவுள்ள வாசகி,
கோ. பூமாரி, பி.ஏ.

பி.கு. இதை எழுதி நாலு நாள் ஆகிறது, தபாலில் போடவில்லை. இடையில் பேராச்சி அத்தை ஒரு கிண்ணம் அல்வாவோடு வந்து, சொரிமுத்து மாமா சாயங்காலங்களில் எங்கே போகிறார் என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். சொரிமுத்து மாமா ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொண்டுவந்து, அடுத்த தலைவர் தேர்தலில் பெரியப்பாவுக்கு யார் யார் ஆதரவு என்று கேட்டார். சொன்னேன். நேற்று வானமாமலைப் பெரியப்பா வந்து, அவர்கள் இருவரும் என்னிடம் என்ன கேட்டார்கள் என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் கொடுத்த அடையாளங்கள் சரிதான். திருத்தம் வெளியிட வேண்டாம்.