மூன்று குரலில் ஒரு டிவி

எனக்கு மூன்று மொழிகளில் பொய் சொல்ல வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. ஓசூரில் இருபது வருடம் குடியிருப்பவனுக்கு இது சாதாரணத் தகுதி. (வேலை விண்ணப்பத்தில் இதை எழுத இடம் விடுவதில்லை என்பதுதான் குறை.)

சென்ற வருடம் ராயக்கோட்டை சாலையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் வீடும் போகும், முன்பணமும் போகும். அந்த முன்பணம், பள்ளி ஆசிரியையான என் மனைவி ஸ்டெல்லா பத்து வருடம் சீட்டு கட்டிச் சேர்த்தது. அதனால் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு வங்கிக்குப் போனேன். அவள் ஜெபமாலையோடு வந்தாள்.

வங்கி அதிகாரி சின்னப் பெண். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் கம்மி. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிவி லோன். கடைசி நாலு தவணை கட்டவே இல்ல. வசூல் ஏஜென்சிக்குப் போயிருக்கு."

நான் இரண்டு முறை கனைத்துவிட்டு, "என் பேர்ல வேற யாராச்சும் இருப்பாங்கம்மா" என்றேன்.

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குடியிருந்த நான்கு வாடகை வீடுகளின் முகவரிகள், நான் தொலைத்த போன் எண்கள், எந்த மாதம் எத்தனை நாள் தாமதம், எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. நானே மறந்துவிட்ட என்னை, முகம் தெரியாத யாரோ இத்தனை வருடம் விடாமல் கவனித்திருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

ஸ்டெல்லாவுக்கும் சிலிர்த்தது, காரணம் வேறு. "டிவிய ரொக்கத்துக்கு வாங்குனேன்னு சொன்னீங்களே?"

நடந்தது இதுதான். டிவி வாங்கிய சில மாதங்களில் வேறு தொழிற்சாலைக்கு மாறினேன். இங்கே கம்பெனி மாறினால் சம்பளக் கணக்கும் மாறும். தவணை பழைய கணக்கைத் தட்டிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பியது. புது முகவரியை நான் அதற்குச் சொல்லவில்லை.

பிறகு வசூல்காரர் போன் செய்தார். "அவரு இல்லா ரீ" என்று கன்னடத்தில் வீட்டு ஓனராகப் பேசினேன். அடுத்த மாதம் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர் ஆனேன். அதற்கடுத்து என் சொந்தத் தம்பியாகி, "அண்ணன் துபாய் போயிட்டாருங்க" என்றேன். (என் செல்போனை ஏன் வீட்டு ஓனர் எடுக்கிறார் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.) ஒரு வருடத்தில் போன் நின்றது. என் நடிப்புக்குப் பயந்து கடன் ஓடிவிட்டதாகவே நம்பினேன்.

இப்போது நானே ஸ்டெல்லாவோடு அதைத் தேடிப் போனேன். பேக்கரி மாடியில் வசூல் ஏஜென்சியின் சின்ன அலுவலகம். மேசைக்குப் பின்னால் முனிராஜ் என்ற நரைத்த மனிதர். நான் கனைத்துக்கொண்டு, "அந்த டிவி லோன் விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பழைய பாட்டைக் கேட்டவர்போலக் கண்ணை மூடித் திறந்தார். "வாங்க சார். துபாய்ல இருந்து எப்ப வந்தீங்க?"

ஸ்டெல்லா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஓனர், பக்கத்து வீடு, தம்பி, மூணு பேருமே பேசறதுக்கு முன்ன ரெண்டு தடவ கனைப்பீங்க சார். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு உங்க கதையத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"தெரிஞ்சும் ஏங்க கேக்கல?" என்று கேட்டேன்.

"கேட்டா போனையே எடுக்க மாட்டீங்க. பேசற ஆளு என்னைக்காச்சும் கட்டுவாருன்னு விட்டுட்டேன்."

"பாதிக்கு முடிச்சுக்கலாங்களா?" என்றேன், கடைசிச் சாமர்த்தியமாக.

"வேணாம் சார். பாதி கட்டுனா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும். வீட்டு லோனுக்கு அதுவும் கரும்புள்ளிதான். முழுசாக் கட்டி, கணக்கு முடிஞ்சதுன்னு லெட்டர் வாங்கிக்கிட்டுப் போங்க."

ஒரு வருடம் நான் ஏமாற்றிய மனிதர், என் வீட்டுக்காக என்னைவிட அதிகம் கவலைப்பட்டார். வங்கியில் அந்த அறிக்கையைக் கண்டு வியந்ததெல்லாம் இவர் முன்னால் ஒன்றுமே இல்லை. பைக்கை விற்று முழுசாகக் கட்டினேன்.

கடிதம் கிடைத்தது. ஆனால் என் ஸ்கோர் நிமிர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். தவணை தவறியே இராத ஸ்டெல்லாவின் பெயரில், கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கடன் வந்தது. வீடும் அவள் பெயரில்தான். புதுமனை புகுவிழாவுக்கு முனிராஜ் சுவர்க்கடிகாரத்தோடு வந்து, மூன்று குரலையும் எல்லோருக்கும் நடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

இப்போது உண்மையாகவே சளி பிடித்து நான் கனைத்தாலும் சமையலறையிலிருந்து குரல் வரும்:

"யாருங்க பேசறது? வீட்டு ஓனரா இருக்க முடியாது. அது நானு."