லைன்மேன் அறுத்த லைன்

வாழ்நாள் முழுக்க அறுந்த லைனை ஒட்டவைத்தே சம்பளம் வாங்கிய மனுஷன், ஓய்வு பெற்ற கையோடு ஒரு லைனை அறுத்தே தீருவது என்று முடிவு கட்டினார். யாருடைய லைன்? கட்டிய மனைவியுடைய லைன்.

டெலிபோன் இலாகாவில் அவர் ஏறாத கம்பம் கிடையாது, இறங்காத பள்ளம் கிடையாது. வீட்டுக்கு வெளியே எல்லாரும் அவரை லைன்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு உள்ளே கூப்பிடுகிற அளவுக்கு அவர் வீட்டில் இருந்ததில்லை. மனைவி அதே இலாகாவில் டிரங்க் கால் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோடு யார் பேச வேண்டுமோ அவர்களை இணைத்துக் கொடுத்தே தலை நரைத்தவள். ஹெட்போன் கழன்று விட்டதே தவிர, அந்தக் காது கழலவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது "ஹலோ" என்றால் போதும். "பாவம், மாமியார் வர்றாங்க போல," என்பாள். மறுநாள் மாமியார் பெட்டியோடு வந்து இறங்குவாள்.

இருவரும் ஓய்வு பெற்றதற்குப் பரிசாக மகள் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தாள். அதுவரை லைன்மேன் தன் மனைவியைக் கூட்டிப்போன தூரதேசம், அவளுடைய அக்கா வீடுதான். அதுவும் சாயங்காலமே திரும்பியாகிவிட்டது. எங்கேயோ ஒரு கேபிள் அறுந்திருந்தது.

பெட்டி கட்டுகிற நேரத்தில்தான் ஆபரேட்டரம்மாவின் கழுத்தோரம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் ஊசியால் குத்தித் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பினார். "ரிசல்ட் வர நாளாகும். நீங்க பாட்டுக்குப் போய் சுத்திட்டு வாங்க," என்றார்.

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். ரிசல்ட் அவள் போனுக்கல்லவா வரும்? ஏதோ ஒரு ஏரிக்கரையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "டிங்" என்று வந்து நிற்கும். நல்ல டிங்காக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? லைன்மேனுக்குத் தூக்கம் போயிற்று. இந்த ஒரு பயணமாவது அவளுக்கு முழுசாகக் கிடைக்கட்டும், வருகிற செய்தியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று தீர்மானித்தார்.

திட்டத்தில் முதல் வேலை, லேப். தன் போனிலிருந்தே ஒரு செய்தி தட்டினார்: ரிசல்ட்டை இனிமேல் இந்த நம்பருக்கு அனுப்பவும். "சரி சார்" என்று பதில் வந்தது.

இரண்டாவது, வெளிநாட்டு டேட்டா. கடைக்குப் போய், "ரோமிங் பேக் ஒண்ணு போடுங்க. என் போனுக்கு மட்டும்," என்றார்.

"நம்பர் சொல்லுங்க சார்."

காஸ் சிலிண்டரோ, பாங்கோ, ரயில் டிக்கெட்டோ, எந்தக் கவுண்டரில் எவன் நம்பர் கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒரே நம்பர்தான். அதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, வெற்றி வீரராக வீடு திரும்பினார்.

லேப் தப்பித்தவறி பழைய நம்பருக்கே அனுப்பினாலும் அவளுக்கு எட்டக்கூடாது என்கிற மூன்றாவது வேலை விமான நிலையத்தில் நடந்தது.

"ஏங்க, என் போனைப் போட்டு ஏன் நோண்டறீங்க?"

"வெளிநாட்டுக்குத் தயார் பண்றேன். உன் போனை அங்கத்து டவர் பிடிக்காது. எதுக்கு வீணா பாட்டரி தீரணும்? நெட்டை அணைச்சு வைக்கிறேன்."

"உங்களோடது மட்டும் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"ரெண்டு பேரும் ஒரே கடைல, ஒரே நாள்ல, ஒரே போன்தானேங்க வாங்கினோம்?"

லைன்மேன் தொண்டையைச் செருமினார். "கடை ஒண்ணுதான். உன்னோடதை அவன் கீழ்த்தட்டுலேருந்து எடுத்தான். என்னோடதை மேல்தட்டுலேருந்து எடுத்தான்."

"ஓகோ," என்றாள் ஆபரேட்டரம்மா.

அந்த "ஓகோ"வை அவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம். என்ன செய்வது, அவருக்கு அந்தக் காது கிடையாது.

வெளிநாட்டு ஓட்டல் அறையில் போய் இறங்கினால், அவர் போனுக்குத்தான் நெட் வரவில்லை. ஜன்னலோரம் நீட்டினார். பால்கனியில் தூக்கிப் பிடித்தார். கம்பம் ஏறிப் பழகிய உடம்பு, கடைசியில் நாற்காலி மேல் ஏறியது.

"என்னங்க, ஒட்டடை அடிக்கிறீங்களா?"

"டவர் தேடறேன்."

"முதல்ல குளிச்சிட்டு வாங்க. உங்க வேர்வைக்குப் பயந்தே டவர் ஓடியிருக்கும்."

குளித்துவிட்டு வந்து பார்த்தால், போனின் நெற்றியில் விசிறி மாதிரி ஒரு குறி. தொடர்ந்து டிங், டிங் என்று மகளின் செய்திகள்.

"பார்த்தியா! பிடிச்சிட்டேன்! ஆனா இது என்ன, கோடு கோடா வராம விசிறி மாதிரி வருது?"

"இந்த ஊர் டவர் அப்படி இருக்கும்," என்றாள் அவள், துண்டை வாங்கி உலர்த்தியபடி.

"வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்," என்று லைன்மேன் வியந்தார். தாமிரக் கம்பியோடு அவர் படிப்பு முடிந்துபோயிருந்தது.

ஓட்டல் முன்கூடத்தில் இலவச நெட் என்று ஒரு பலகை தொங்கியது. அது மனைவியின் கண்ணில் படாதபடி அவர் தினமும் அந்தப் பக்கமாக ஒட்டி நடந்து மறைத்தார். பலகை அவர் தலைக்கு மேலே இருந்தது.

அந்த ஊர் டவருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சுற்றுலாக் கூட்டத்தில் ஒரு பல் டாக்டரம்மாள் இருந்தாள். அவளோடு மனைவி கடைக்குப் போனால் விசிறியும் போய்விடும். மனைவி பையோடு திரும்பினால் விசிறியும் திரும்பிவிடும். "சாயங்காலமானா லோடு ஜாஸ்தி," என்று லைன்மேன் தனக்குத்தானே தொழில்நுட்ப விளக்கம் சொல்லிக்கொண்டார்.

அவர் பயந்தபடியே, ஏரிக்கரையில்தான் அது வந்தது. படகுக்குக் காத்திருந்தார்கள். ஆபரேட்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ்கிரீமைச் சின்னப் பெண் மாதிரி நக்கிக்கொண்டிருந்தாள். அவர் போன் "டிங்" என்றது.

படித்தார். பாதி வார்த்தை புரியவில்லை. புரிந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. கீழே டாக்டர் எழுதியிருந்தார்: பயப்படாதீங்க, ஊர் திரும்பினதும் நேரே வாங்க, உடனே சிகிச்சை ஆரம்பிக்கணும். பயப்படாதே என்று டாக்டர் சொல்லி பயப்படாதவன் எவன் இருக்கிறான்? ஏரி, படகு, கூட்டம் எல்லாம் அவர் கண்ணுக்கு மங்கிப்போயின. வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. பக்கத்திலேயே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க?"

"விளம்பரம்."

"என்ன விளம்பரம்?"

"வீட்டு மனை."

"எங்கேயாம்?"

"ரொம்ப தூரம்."

அவள் ஐஸ்கிரீமை நக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அது உருகி விரலில் வழிந்தது. லைன்மேன் ஓடிப்போய் இன்னொன்று வாங்கி வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அந்த நிமிஷம் தொடங்கியது. அவளுடைய கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவள் பெட்டியைத் தொடாதவர். கடையில் அவள் இரண்டு சால்வையைக் காட்டி எது நல்லா இருக்கு என்று கேட்டதற்கு, "ரெண்டுமே உனக்குன்னே நெய்த மாதிரி இருக்கு," என்றார். முன்னெல்லாம் அந்தக் கேள்விக்கு அவர் பதில், "நேரமாச்சு." சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு ரொட்டியை ஊட்டிவிடாத குறை.

பல் டாக்டரம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவங்க நீங்க! சார் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. நேத்து மத்தியானத்திலேருந்துதான்," என்றாள் ஆபரேட்டரம்மா.

அன்று மலை ரயிலில் மேலே போனார்கள். உச்சியில் ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு பெஞ்சு, சுற்றிலும் பனி மலை. மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். லைன்மேன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு சால்வையைப் போர்த்திவிட்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சா?" என்றாள் அவள்.

"எந்த ரிசல்ட்?"

"நான் என்ன கிரிக்கெட்டா பார்க்கறேன்?"

"வரலையே. வந்தா உன் போனுக்குத்தானே வரும்."

"லேபுக்காரங்க நம்பர் மாத்தறப்போ பழைய நம்பரைக் கேட்காமலா மாத்துவாங்க? சம்மதமான்னு எனக்கு மெசேஜ் வந்தது. சம்மதம்னு நான்தான் போட்டேன்."

லைன்மேன் அவள் சால்வையை இன்னொரு தடவை இழுத்துப் போர்த்தினார்.

"அதே சாயங்காலம் இன்னொரு மெசேஜும் வந்துச்சு. வெளிநாட்டு டேட்டா பேக் போட்டாச்சு, நன்றின்னு."

"அது என் போனுக்குப் போட்டது."

"என்ன நம்பர் சொன்னீங்க?"

அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே வியர்த்தது. அது அவள் நம்பர். அவருடைய நம்பர் அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

"அப்போ எனக்கு எப்படி நெட் வருது? டவர்... விசிறி..."

"உங்க போனுக்கு இங்கே டவரே கிடையாதுங்க. அந்த விசிறி என் போன்தான். நீங்க அணைச்சு வெச்சதை, நீங்க குளிக்கப் போனதும் போட்டுட்டேன். என்னோடதுலேருந்து உங்களுக்கு இணைச்சும் விட்டேன். நேத்திலேருந்து நெட் அறுபடவே இல்லையே, கவனிச்சீங்களா?"

"ஆமா."

"என் பையை நீங்கதானே சுமக்கறீங்க? போன் அதுலதான் இருக்கு."

அறுத்துவிட்டோம் என்று நினைத்த லைனில்தான் இத்தனை நாளும் அவர் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இலாகாவில் இது தெரிந்தால் பென்ஷனைப் பிடுங்கிவிடுவார்கள்.

"அப்போ ரிசல்ட்டை நீ பார்த்துட்டியா?"

"இல்லை. என் வழியாத்தான் வந்துச்சு. ஆனா உங்களுக்கு வந்தது. லைன் கிடைச்சுதான்னு முதல் ஹலோவைக் கேட்போம், அப்புறம் விலகிடணும். ஒட்டுக் கேட்கிற ஆபரேட்டர் நான் இல்லை." அவள் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நேத்து நீங்க 'விளம்பரம்'னு சொன்னது எனக்கு ஹலோ மாதிரி. சாவு சேதி சொல்ல கூப்பிடறவங்க எல்லாரும் அந்தக் குரல்லதாங்க ஆரம்பிப்பாங்க."

லைன்மேனால் அதற்கு மேல் முடியவில்லை. கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். கிழவன் அழுவதை ஒரு வெளிநாட்டுக் குழந்தை நின்று வேடிக்கை பார்த்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"எனக்கும் பயமா இருந்துச்சுங்க," என்றாள். இவ்வளவு நேரம் நடுங்காத குரல் அப்போதுதான் நடுங்கியது. "நீங்க சுமக்கறேன்னு வந்தீங்க. கொஞ்ச நாள் இவர்கிட்ட இறக்கி வெச்சிட்டு, நான் ஐஸ்கிரீம் சாப்பிடலாமேன்னு விட்டுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. போதும். படிங்க."

"ஊருக்குப் போய்..."

"படிங்க. எழுத்துல வேண்டாம். உங்க குரல்ல கேட்கறேன்."

அவர் படித்தார். நாக்கில் ஏறாத வார்த்தைகளை எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாக, டாக்டர் கீழே எழுதியிருந்தது வரைக்கும் முழுசாகப் படித்தார். வாழ்நாள் முழுக்க முதல் ஹலோவோடு விலகிக்கொண்டவள், இந்த ஒன்றை மட்டும் முடிவுவரை கேட்டாள். கேட்டுவிட்டு அவர் கையை எடுத்துத் தன் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள்.

கீழே போகிற ரயில் வந்து நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பையைக் குடுங்க. எனக்கு இன்னும் கை இருக்கு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலை நோக்கி நடந்தாள். லைன்மேன் மூக்கை உறிஞ்சினார். அவருக்குள் சட்டென்று ஒரு புதுத் திட்டம் உதித்தது. மகளுக்கு இப்போது தெரியக்கூடாது, பயந்துவிடுவாள். அம்மா நல்லா இருக்கா, ஊர் ரொம்ப அழகு என்று ஒரு செய்தி தட்டி அனுப்பினார். போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெற்றியில் விசிறியைக் காணோம்.

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய், நில்லு! எனக்கு நெட் போயிடுச்சு!" என்று கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மகளுக்குத்தானே? நேத்து அந்த 'விளம்பரம்' வந்தப்பவே அவகிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க சீக்கிரம் வாங்க, நான் தூரமா போயிட்டா உங்களுக்கு எதுவுமே கிடைக்காது."