இரண்டாவது வழி

"டோக்கன் கவுண்டரு நின்னுபோச்சு சார்!" என்று வெளியே குரல் எழுந்தபோது, பிடுங்கிய கேபிள் பக்கிரிசாமியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருப்பதியிலுள்ள கண் மருத்துவமனையொன்றின் சர்வரையும், நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய ஸ்டோரேஜ் பெட்டியையும் இரண்டு கேபிள்கள் இணைத்தன. ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கவேண்டும். அதைச் சோதித்து மாலைக்குள் அறிக்கை தருவதே, அங்கே கணினிகளைப் பராமரிக்கும் பக்கிரிசாமிக்கு இட்ட பணி. தாங்கவில்லை.

இரண்டாவது வழியைத் திறந்துவிட மறந்திருந்தார், திறந்தார். சர்வரோ, ஒரே பெட்டி இரு வழியாகவும் தென்படவே, இரண்டு பெட்டிகள் என்றெண்ணிக் குழம்பி இரண்டையும் கைவிட்டது. மறுபடியும் கவுண்டர் நின்றது. இரண்டும் ஒன்றே என்று அதற்கு உணர்த்தும் மென்பொருளை ஏற்றினார். அது, சர்வரையே ஒருமுறை நிறுத்தி இயக்கச் சொல்லிற்று. இருபது நிமிடம் போயிற்று.

"இங்கா எந்த சேபய்யா?" என்று, சித்தூரிலிருந்து விடியலில் பஸ் ஏறி வந்தவர்கள், இன்னும் எவ்வளவு நேரமென்று தெலுங்கில் கேட்டுக் கூச்சலிட்டனர்.

மேலாளர் சம்பத் வந்தார்.

"யோவ் பக்கிரி, மூணு தபா ஆச்சு. இன்னொரு தபா கூட்டம் நின்னுச்சுன்னா, நாளைலேந்து வேலைக்கு வராம உன் ஊரு சத்தியவேட்டுலயே இருந்துக்கோ. ரிப்போர்ட்டும் இன்னிக்கே வேணும்."

"கேபிள புடுங்காம ரிப்போர்ட்டு எப்டி சார்?"

"புடுங்கு. ஆனா நிக்கக்கூடாது."

நாற்பத்தெட்டு வயதில் தமக்கு வேறு வேலை எவர் தருவார் என்றெண்ணியபடியே, கண்ணை மூடிக்கொண்டு முதற்கேபிளைப் பிடுங்கினார். வெளியே சத்தமில்லை. இண்டர்காமை அழுத்தி, கவுண்டரில் டோக்கன் கொடுக்கும் ஜெயம்மாவை அழைத்தார்.

"ஜெயம்மாக்கா, டோக்கன் குடுக்கறது நின்னுச்சா?"

"இல்லியேபா, போய்க்கினுதான் கீது."

அதைச் செருகி மற்றதைப் பிடுங்கினார்.

"இப்போ?"

"முன்னவிட வேகமாவே போவுது."

அவருக்குக் கண் கலங்கிற்று. ‘இரு வழிகளும் செவ்வனே இயங்குகின்றன’ என்று எழுதிக் கொடுத்தார். சம்பத் உடனே அதைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு, "நாளைக்குப் பெரியவங்க வராங்க. அவங்க எதிர்ல ரெண்டையும் ஒவ்வொண்ணா புடுங்கிக் காட்டு" என்றார்.

நன்றி சொல்லக் கவுண்டருக்குப் போனார் பக்கிரிசாமி.

"எனக்கு இன்னாத்துக்குபா நன்றி?" என்றாள் ஜெயம்மா, டோக்கன் ஒன்றைக் கிழித்து நீட்டியவாறே. "மூணாந்தபா நின்னப்பவே கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு, கையாலதானே எழுதிக் குடுத்துக்கினு கீறேன்!"