லாசர் வேண்டாமென்று எழுதிக்கொடுத்த வண்டி

பதின்மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்து, முறை வந்ததும் "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்த மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒருவன் இருக்கிறான். பெயர் லாசர்.

அந்தக் காலத்துப் பல்கேரியாவில் கார் என்பது கடைக்குப் போய் வாங்குகிற சாமான் இல்லை. கல்யாணமான வாரமே பெயரைப் பதிந்துவிட வேண்டும். அப்புறம் பிள்ளை பிறக்கும், பல் முளைக்கும், பள்ளிக்கூடம் போகும், கணக்கில் கோட்டைவிடும். கார் மட்டும் வராது. லாசரும் நெவேனாவைக் கைபிடித்த அடுத்த திங்கட்கிழமையே போய்ப் பதிந்துவிட்டு வந்தான்.

வராத காரை வைத்தே அவன் ஊரில் பெரிய ஓட்டுநர் என்று பேர் வாங்கிவிட்டான். ஊறுகாய் ஆலையில் ஜாடிமூடிப் பிரிவுக்கு அவன் மேற்பார்வையாளன். சாப்பாட்டு நேரத்தில் காலித் தட்டை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, மலைக் கணவாயில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவான். ராணுவத்தில் லாரி ஓட்டியதாகச் சொல்வான். ராணுவத்தில் இரண்டு வருஷமும் அவன் உரித்தது உருளைக்கிழங்கு. அவனிடம் ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறான். ஆலை முற்றத்தில் வேனை இரண்டடி முன்னால் நகர்த்தப் போனான். வேன் பின்னால் போனது. அடுக்கி வைத்திருந்த மிளகாய் ஊறுகாய் ஜாடிகள் அத்தனையும் அவனுக்கு மரியாதை செலுத்துகிற மாதிரி வரிசையாகக் குனிந்து விழுந்தன. பிரேக் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தான். ஆனால் அன்றிலிருந்து எங்காவது கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே அவன் மூக்கில் மிளகாய் வாசனை ஏறும்.

நெவேனா ஒருநாள் கேட்டாள். அவளுடைய அம்மா வெலிக்கா கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். முட்டி மடங்காத கிழவி. அங்கே வாரத்துக்கு இரண்டே பேருந்து. வைத்தியர் இந்தப் பக்கம்.

"நானும் ஓட்டக் கத்துக்கட்டுமாங்க? அம்மாவை வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போக வர வசதியா இருக்கும்."

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்த ஸ்டியரிங்ல என் கைதான் இருக்கும் நெவேனா. அது பொம்பளைங்க விளையாட்டுச் சாமான் இல்ல."

நெவேனா மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று லாசர் நினைத்துக்கொள்வான். அது அவனுக்குக் கல்யாணத்தோடு வந்த குறை.

இப்படி இருக்கும்போதுதான், மே மாதத்தில், ஒரு தபால் அட்டை வந்தது. வண்டி தயார், இன்னும் ஆறு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளவும்.

லாசர் அட்டையைப் படித்துவிட்டு நாற்காலியைத் தேடினான். நெவேனா அட்டையைப் படித்துவிட்டு விருந்துக்கு ஓர் ஆட்டுக்குட்டி வேண்டுமென்று சொல்லியனுப்பினாள். எங்கள் பக்கம் புதுச் செருப்பு வாங்கினாலே அக்கம்பக்கத்துக்கு விருந்து வைத்தாக வேண்டும். காருக்கு வைக்காமல் இருந்தால் தெருவில் நடமாட முடியாது. சனிக்கிழமை மத்தியானம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டாயிற்று. ஆட்டுக்கறி, தக்காளி வெள்ளரிக்குமேல் துருவிய வெள்ளைப் பாலாடைக்கட்டி, லாசரே காய்ச்சிய ரக்கியா என்கிற பிளம் பழச் சாராயம். குடித்த ஒவ்வொருவனும் எழுந்து வாழ்த்தினான். வாழ்த்தின ஒவ்வொருவனும் கடைசியில் ஒரு சவாரி கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டு மின்கோ கோப்பையோடு எழுந்தார்.

"லாசர், செப்டம்பர்ல என் பையனுக்குக் கல்யாணம். பொண்ணு உன் வண்டியிலதான் வரணும். முதல்ல நீ, பின்னாடி பன்னெண்டு வண்டி."

"பன்னெண்டு எதுக்கு அண்ணே? நடந்தே வந்தா உடம்புக்கு நல்லதுதானே."

"அவரு அப்படித்தான் தன்னடக்கமா பேசுவாரு" என்றாள் நெவேனா, கறித் தட்டை வைத்துக்கொண்டே. "ராணுவத்துல அம்பது லாரிக்கு முன்னாடி போனவரு. பன்னெண்டு எந்த மூலைக்கு?"

"அம்பதுன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"போன வருஷம் நாப்பதுன்னீங்க. வளந்திருக்கும்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். லாசரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் கோப்பையில் ரக்கியாவை விளிம்புவரை ஊற்றிக்கொண்டான்.

அதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து நெவேனா காரைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"முதல் சவாரி அம்மாவைக் கூட்டிட்டு வரத்தான். கணவாய் வழியா. மொத்தம் எத்தனை வளைவுங்க?"

"பதினேழு."

"பத்தொம்பது. இறங்கும்போது ரெண்டு கூட. பழத்தோட்டத்துக்குப் பக்கத்து வளைவுல வேலி இல்லையாமே?"

"யார் சொன்னது?"

"வேலியில மோதினவரோட சம்சாரம்."

இன்னொரு நாள், துணி மடித்துக்கொண்டே: "இறக்கத்துல பிரேக்கை விடாம அமுக்கினா சூடாகி அது பிடிக்கவே பிடிக்காதாம். உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

"கியர்ல."

"எந்த கியர்?"

லாசர் கொஞ்சம் யோசித்தான். "சின்னதுல."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு நெவேனா தலையணை உறையை உதறினாள்.

லாசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குளிக்கும்போது தண்ணீர்க் குழாயைத் திருகினால்கூட எதையோ தவறாக முடுக்கிவிட்ட மாதிரி உடனே மூடினான். வண்டி வந்தால் ஊர் கூடும். சாவியைக் கையில் கொடுப்பார்கள். கொடுத்த மறு நிமிஷம் ஆலையும் தெருவும் மின்கோவின் சம்பந்தி வீடும் தெரிந்துகொள்ளும், இந்த மனுஷன் ஓட்டினது தட்டு மட்டும்தான் என்று. ஒன்று பள்ளத்தில் விழுந்து சாக வேண்டும். இல்லையென்றால் சிரிப்பில் சாக வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி மூன்றாவது வாரத்தில் அவனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை, பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேருந்து பிடித்து மாவட்டத் தலைநகரில் இருந்த கார் பதிவு அலுவலகத்துக்குப் போனான். கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நின்றான். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மேலங்கி பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளை ஸ்லாவ்கா அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ரத்து பண்ணணும்மா."

ஊசி நின்றது. "எதை?"

"காரை. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"தம்பி, இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் ரத்து பண்ணியிருக்காரு. அதுவும் அவரு செத்தப்புறம், வீட்டுக்காரங்க வந்து. அவங்க இங்க நின்னு அழுதாங்க. அவருக்கு அழுதாங்களா வண்டிக்கு அழுதாங்களான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல."

"எனக்கு உடம்பு சரியில்ல."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு எழுத?"

"முதுகுன்னு எழுதுங்க."

"முதுகுல என்ன?"

"பாரம் தாங்கல."

ஸ்லாவ்கா அம்மா கண்ணாடிக்கு மேலாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் "முதுகு" என்று எழுதினாள். தாளைத் திருப்பி வைத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து."

போட்டான்.

"கீழ இன்னொண்ணு."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் கதவு திறந்தது. ஆலையின் கணக்கர் குரல் மாதிரி ஒரு குரல் கேட்டது. லாசர் திரும்பிப் பார்க்கவும் பயந்து, தாளைப் படிக்கவும் பயந்து, பேனா போன போக்கில் இன்னொரு கையெழுத்தைக் கிறுக்கினான். முத்திரை "தொம்" என்று விழுந்தது.

"முன்பணம் கட்டியிருக்கேனே" என்று கிசுகிசுத்தான்.

"அது எங்கயும் போகாது தம்பி. நல்ல கைக்குத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

சொன்னது என்னவென்று கேட்கக்கூட நிற்காமல், கழுத்துப்பட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வந்தான். வந்த குரல் கணக்கருடையதுகூட இல்லை. யாரோ ஒரு கோழிப்பண்ணைக்காரர்.

இனி வீட்டில் சொல்ல வேண்டும். பேருந்தில் வரும்போதே பொய்யைப் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டான். மேஜையில் சூப் வந்ததும் ஆரம்பித்தான்.

"இன்னிக்கு ஆலைக்கு ஒரு தகவல் வந்துச்சு நெவேனா. கார் தயாரிக்கிற இடத்துல ஏதோ கோளாறாம். என் வண்டி இன்னும் ரெண்டு வருஷம் தாமதமாகுமாம்."

பதின்மூன்று வருஷம் காத்திருந்தவள். கரண்டி பறக்கும் என்று எதிர்பார்த்து, தட்டைக் கொஞ்சம் மார்புக்கு நேராகவே நகர்த்தி வைத்திருந்தான்.

"அப்படியா" என்றாள் நெவேனா. "சூப் ஆறுது. சாப்பிடுங்க. பல்லு எப்படி இருக்கு?"

லாசருக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. நெவேனா கத்தினால் அதற்கு ஓர் ஆரம்பம் உண்டு, முடிவும் உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் கத்தாத நெவேனாவை அவன் பார்த்ததே இல்லை. அடுத்த நாளும் அவள் கத்தவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி அப்பம்கூடச் செய்து போட்டாள். அவன் ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான்.

தெருவில் துக்கம் விசாரித்தார்கள். மின்கோ வேலிக்கு மேலாகக் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை மாதிரி ஒரு ஓட்டுநரைக் கையைக் கட்டிப் போட்டுட்டாங்களே லாசர்." லாசர் பெருமூச்சு விட்டான். அதில் பாதி நடிப்பு, மீதி நிம்மதி.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நெவேனா பேருந்து ஏறினாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை லாசர் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தான். வாசலில் ஹாரன் அடித்தது. கத்தி நின்றது. மறுபடி அடித்தது.

வெளியே வந்து பார்த்தான். வாசலில் முட்டைக்கரு மஞ்சளில் ஒரு புத்தம்புதுக் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் நெவேனா. பக்கத்தில், முட்டி மடங்காத காலை நேராக நீட்டிக்கொண்டு, அவன் மாமியார் வெலிக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் மின்கோ, கையில் தண்ணீர்க் குழாயோடு, தன் செருப்புக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள் வெலிக்கா. "பத்தொம்பது வளைவு. நான் எண்ணினேன். பாதிக்கு அப்புறம் கண்ணை மூடிட்டு எண்ணினேன்."

லாசர் காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான். கன்னத்து நுரை சொட்டியது. "நெவேனா, வண்டி ரெண்டு வருஷம் தாமதம்னாங்களே."

"அது உங்க வண்டிங்க. இது என்னோடது."

"உன்னோடதா?"

"ஸ்லாவ்கா அம்மா உங்ககிட்ட கீழ ஒரு கையெழுத்து வாங்கினாங்களா?"

லாசர் மூக்கை உறிஞ்சினான். மிளகாய் வாசனை எங்கிருந்தோ வந்துவிட்டது.

"'என் இடத்தை என் மனைவிக்கு விட்டுத் தர்றேன்'னு அதுல எழுதியிருந்துச்சு. ரத்து பண்ற ஆள் வீட்டுலயே வேற ஒருத்தர் எழுதிக் கேட்டா, அவங்களுக்குத்தான் முதல் உரிமை. விருந்து முடிஞ்ச திங்கட்கிழமையே நான் போய் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"நான் ரத்து பண்ணப்போற விஷயம் அப்ப எனக்கே தெரியாதே."

"உங்களுக்குத் தெரியறதுக்குத்தான் மூணு வாரம் வளைவு வளைவாச் சொல்லிட்டிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் தாமதிச்சிருந்தா என்கிட்ட வளைவே தீந்துபோயிருக்கும்."

அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு..."

"பதிமூணு வருஷமாத் தட்டைப் பிடிச்சு ஓட்டுறீங்க. பின்னாடி என்ன வருதுன்னு ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பாத்ததில்ல. ரெண்டு குளிர்காலம் உங்களுக்குத் தெரியாம ஓட்டுநர் பள்ளிக்குப் போய்க் கத்துக்கிட்டேங்க. முதல் நாளே சொல்லிக் குடுத்தது அதைத்தான்."

அதற்குள் மின்கோ வேலியைத் தாண்டி வந்துவிட்டார். "என்ன லாசர், இவ்வளவு பெரிய ஓட்டுநர் நீ. நீ ஓட்டலையா?"

இதோ, பதின்மூன்று வருஷப் பேர் இந்த ஒரு பதிலில் போகப்போகிறது. லாசர் நெவேனாவைப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் அவனை நுரையோடு அப்படியே நிற்க விட்டாள்.

"அவருதான் எனக்குக் கத்துக்குடுத்தாரு அண்ணே" என்றாள் கடைசியில். "தாமதம்னு சொன்னதெல்லாம் சும்மா. முதுகு வலின்னு வண்டியை என் பேருக்கே எழுதிக் குடுத்துட்டாரு. எந்தப் புருஷன் செய்வான்?"

"நீ பெரிய மனுஷன்டா" என்று மின்கோ அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். லாசர் மறக்காமல் வலியில் முனகினான்.

நெவேனா இன்ஜினை முடுக்கினாள். பத்து மணிக்கு வைத்தியர் வரச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் யார் பயணம் புறப்பட்டாலும் வாசலில் தண்ணீர் ஊற்றித்தான் வழியனுப்புவோம், தண்ணீர் மாதிரி தடங்கலில்லாமல் போய் வர வேண்டும் என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏங்க, மூஞ்சியைக் கழுவிட்டு, ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து வண்டிக்கு முன்னாடி ஊத்துங்க. ஊத்திட்டு அப்படியே பின்னாடி ஏறி, அம்மாவோட கைப்பையை மடியில வெச்சுக்கங்க."