லிட்மஸ் வெளுத்த செவ்வாய்க்கிழமை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மகத்தான சம்பவம், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'அறிவியல் அறிவோம்' நிகழ்ச்சிதான். அதை நடத்தும் பெரும்பேறு ஒரு வேதியியல் வாத்தியாருக்குக் கிடைத்தது.

முதல் வாரமே அவர் நீல லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து, "பாருங்கள் குழந்தைகளே, சிவப்பாகிவிட்டது!" என்று பூரித்தார். கருப்பு வெள்ளைப் பெட்டியிலோ, சாம்பல் நிறத் தாள் ஒன்று மிகுந்த கட்டுப்பாட்டுடன் சாம்பல் நிறமாகவே இருந்தது. வாத்தியாருக்குக் கண் கோளாறா என்று விசாரித்து நாற்பது கடிதங்கள் வந்தன.

நிலையம் உடனே ஓர் 'உயர்மட்ட நிறக்குழு' அமைத்தது. குழு மூன்று மணி நேரம் கூடியது. தேநீர் இரண்டு முறை வந்தது. அறிவியல் ஒரு முறையும் வரவில்லை.

"இனிமே கருப்புத் தாளைக் காட்டுங்க. கை மறைவுல வெள்ளைத் தாளா மாத்திடுங்க," என்றார் நிகழ்ச்சி இயக்குநர்.

"சார், அது சிவப்பால்ல மாறணும்?"

"நம்ம டிவியில சிவப்பு கிடையாது வாத்தியாரே. இல்லாத கலருக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப அது அறிவியலே இல்லையே சார்!"

"கண்ணுக்குத் தெரியுதுல்ல? அதான் அறிவியல். டையை நேரா வைங்க."

வாத்தியார் டையை நேராக்கினார். அடுத்த செவ்வாய்க்கிழமை தாள் பளிச்சென்று வெளுத்தது. கல்வித்துறை மெய்சிலிர்த்து, 'தொலைக்காட்சியில் காட்டப்படுவதே சரியான விடை' என்று பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பியது.

வாத்தியாரின் எட்டாம் வகுப்பு மகள், தன் பள்ளியின் செய்முறைத் தேர்வில் தாளைத் தோய்த்துப் பார்த்து 'சிவப்பு' என்று எழுதினாள். பூஜ்ஜியம். அந்த ஒரு பாடத்தால் வருடமே போய்விடும் என்றார்கள். வாத்தியார் தலைமையாசிரியையிடம் ஓடினார்.

"மேடம், அவ எழுதினதுதான் சரி."

"நீங்கதானே வெள்ளைன்னு காட்டினீங்க?"

"அது... டிவிக்காக."

"சரி, டிவியில காட்டினது பொய்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே மார்க்கைப் போட்டுடறேன்."

வாத்தியார் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தெருவில் தன்னைப் பார்த்து 'டிவி மாமா!' என்று கத்தும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"மறுதேர்வு எப்ப மேடம்?"

அன்று மாலை மகள் அழுதாள். "நான் கண்ணால பார்த்தேன்ப்பா. சிவப்புதான்."

"தெரியும்டா கண்ணு. நீ பார்த்ததை எழுதாத. நான் காட்டினதை எழுது."

எழுதினாள். நூற்றுக்கு நூறு வாங்கினாள். கல்வி ஒளிபரப்பின் பயன் அந்த வீட்டில் முழுமையாக நிறைவேறிவிட்டது என்பதற்குச் சான்று மறு வாரமே கிடைத்தது.

"துணி காயுது, மழை பெய்யுதா பாரும்மா," என்றாள் அம்மா.

மகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். சொட்டச் சொட்ட நனைந்த கையோடு அப்பாவிடம் திரும்பினாள்.

"பெய்யுதுன்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவாப்பா?"